குடிசை கொடுத்த சாட்சியம்!

சந்திரனுக்குக் காசநோய் வந்ததாம், தோழர்களே!

சிரிக்க வேண்டாம், புராணம் சொல்கிறது. தட்சனுக்கு இருபத்தேழு பெண்களாம். அத்தனை பேரையும் சந்திரன் ஒருவனுக்கே மணம் முடித்துக் கொடுத்தானாம். சந்திரனோ ரோகிணி ஒருத்தியிடம் மட்டும் மயங்கிக் கிடந்தானாம். மற்ற இருபத்தாறு பேரும் தகப்பனிடம் ஓடி முறையிட்டனராம். வெகுண்டெழுந்த தட்சன், "க்ஷயரோகம் பிடித்துத் தேய்ந்து போ!" என்று சபித்தானாம். அன்று தேயத் தொடங்கிய நிலவு இன்றும் தேய்ந்து தேய்ந்து வளர்கிறதாம்!

கதை கட்டியவனின் கற்பனையைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அந்தக் கதை நாட்டிலே தூவிவிட்டுப் போன நஞ்சைப் பற்றித்தான் கவலை. நோய் என்றால் சாபம். சாபம் என்றால் செய்த பாவம். பாவம் செய்தவன் படுகிறான், நமக்கென்ன என்று நகர்ந்து விடலாம். தறிநெய்யும் தோழன் இருமினால் வினை! பீடி சுற்றும் சகோதரி இரத்தம் கக்கினால் விதி! ஆலைத் தொழிலாளி எலும்பும் தோலுமாய் ஆனால் போன பிறவியின் பாக்கி! இப்படிக் கணக்கெழுதி வைத்தவர்கள், காற்று நுழையாத அறையையும் கஞ்சிக்கு வழியில்லாத கூலியையும் மட்டும் அந்தக் கணக்கிலே எழுத மறந்து விட்டார்கள்.

1882 மார்ச் 24 அன்று பெர்லின் நகரிலே ராபர்ட் கோக் என்ற மருத்துவர், அறிஞர்கள் கூடிய அவையிலே எழுந்து நின்று, காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று எடுத்துக் காட்டினார். தட்சன் கொடுத்த சாபம் அன்றே காலாவதியாகி விட்டது. கிருமிக்குச் சாதி தெரியாது, சாத்திரம் தெரியாது, பாவ புண்ணியம் தெரியாது. இருமுகிறவனின் மூச்சிலிருந்து கிளம்பி, அடுத்தவனின் மூச்சிலே நுழையத் தெரியும். அவ்வளவுதான்.

சாபம் செத்தது. ஆனால் இன்னொரு மூடநம்பிக்கை பிறந்தது. இது பஞ்சாங்கம் படித்தவர்களிடம் பிறந்ததன்று. பட்டம் படித்தவர்களிடம் பிறந்தது. அதை உடைத்தெறிந்த ஓர் ஆய்வைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அந்த ஆய்வு நடந்த இடம் இலண்டனல்ல, நியூயார்க்குமல்ல. நம் சென்னை! சாட்சி சொன்னவர்கள் சென்னையின் ஏழைகள்!

மலைக்காற்றும் மாட்டுப்பாலும்

மருந்து கண்டுபிடிக்கப்படாத நாளிலே, காசநோய்க்கு மருத்துவர்கள் சொன்ன வழி ஒன்றே ஒன்று: ஓய்வு. ஊருக்கு வெளியே, நல்ல காற்று வீசும் இடத்திலே, வெள்ளை வெளேரென்ற கட்டிலிலே மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். முட்டை உண்ண வேண்டும். பால் பருக வேண்டும். வேலை என்ற எண்ணமே வரக்கூடாது. சுவிட்சர்லாந்து நாட்டிலே டாவோஸ் என்ற மலையூர் இதற்கென்றே பெயர் பெற்றது. அந்த விடுதிகளுக்குச் சானடோரியம் என்று பெயர்.

நமக்கும் அந்தச் சொல் புதிதல்ல. மின்சார ரயிலிலே தாம்பரம் போகிறவர்கள் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய மருத்துவ இல்லத்தின் பெயர்தான் அந்த நிலையத்துக்கு நிலைத்தது. மருந்தில்லாத காலத்திலே மனிதனைக் காக்க முயன்ற அந்தப் பணியை நாம் வணங்குகிறோம், குறை சொல்லவில்லை.

ஆனால் ஒரு கேள்வி! மூட்டை தூக்கிப் பிழைப்பவன் ஓராண்டு கட்டிலிலே படுத்திருந்தால் அவன் வீட்டு அடுப்பிலே எது எரியும்? மருத்துவர் ஓய்வெடு என்பார். மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள். காலியான அரிசிப் பானையை மட்டும் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு எந்த மருத்துவ நூலில் பதில் இருந்தது?

இன்னொரு கேள்வி! நாட்டிலே காசநோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். சானடோரியக் கட்டில்களோ ஆயிரக்கணக்கில். கட்டில் கிடைத்தவன் பாக்கியசாலி, கிடைக்காதவன்? வரிசையிலே நிற்பான். வரிசை நகருமுன் அவன் சுடுகாட்டுக்கு நகர்ந்து விடுவான். காசநோய்க்கும் காசுக்கும் அப்படியோர் உறவு! காசு உள்ளவனுக்குக் கட்டில், காசற்றவனுக்குப் பாடை!

மருந்து வந்தது, மனம் வரவில்லை

1943-ல் அமெரிக்காவிலே ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 107 நோயாளிகளிடம் சோதித்து, 1948-ல் முடிவை வெளியிட்டது. மருந்து பெற்றவர் 55 பேர்; அவர்களுள் ஆறு மாதத்தில் இறந்தவர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்றவர் 52 பேர். இறந்தவர் 14 பேர். யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போலப் பிரித்தார்கள். ஏன் தெரியுமா? மருத்துவரும் மனிதர்தானே! பிழைப்பான் என்று தோன்றுகிறவனுக்கே மருந்தைக் கொடுத்துவிட்டு, என் மருந்தைப் பார், என் மகிமையைப் பார் என்று சொல்லி விடக்கூடாதல்லவா? பகுத்தறிவு என்பது பிறரைச் சந்தேகிப்பதோடு நிற்பதில்லை. தன்னையே சந்தேகித்துக்கொள்ளும் துணிவும் அதற்கு வேண்டும்.

பின்னர் பி.ஏ.எஸ். என்ற மருந்து வந்தது. 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. வாயில் போட்டு விழுங்கக்கூடிய மருந்துகள்! விலையும் குறைவு!

அப்படியானால், மருந்தைக் கையிலே கொடுத்து, வீட்டிலிருந்தே சாப்பிடச் சொல்லலாமே? சொல்லலாம். ஆனால் சொல்ல மனம் வரவில்லை. ஏழையின் வீட்டைப் பார், என்றார்கள். ஒரே அறை, அதிலே ஏழெட்டுப் பேர். நோயாளியின் இருமல் குழந்தைகளின் முகத்திலே விழுகிறது, என்றார்கள். கூழும் கஞ்சியும் குடிக்கிறவன் உடலிலே மருந்து என்ன வேலை செய்யும், என்றார்கள். நாளெல்லாம் உழைக்கிறவனுக்கு ஓய்வேது, என்றார்கள். எல்லாம் பரிவான பேச்சுத்தான். ஆனால் அந்தப் பரிவின் முடிவு என்ன? கட்டில் இல்லாதவனுக்கு வாழ்வில்லை என்பதுதானே!

சேத்துப்பட்டில் ஒரு கேள்வி

1956-ஆம் ஆண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்துச் சென்னையிலே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டிலே தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு நிற்கிறதே, அதன் தொடக்கம் அதுதான். முதல் இயக்குநராகப் பிரிட்டனிலிருந்து வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். அப்போது அவர் முப்பது வயதுகளில் இருந்த மருத்துவர். 1961 வரை அவர் இங்கே பணியாற்றினார்.

வெள்ளையர் வந்து நமக்கு வாழ்வளித்தார் என்று பாட்டுப் பாட நான் வரவில்லை. அவரோடு தோளோடு தோள் நின்றவர்கள் தேவதத்தா, இராமகிருஷ்ணன், வேலு போன்ற நம் நாட்டு மருத்துவர்கள். இராதாகிருஷ்ணா என்ற புள்ளியியல் அறிஞர். வீடு வீடாக, சந்து சந்தாக நடந்த சுகாதாரப் பார்வையாளர்கள். முதன்மையான ஆய்வறிக்கையை எந்தத் தனிமனிதரின் பெயரிலும் வெளியிடவில்லை. மையத்தின் பெயரிலேயே வெளியிட்டார்கள். கூட்டு உழைப்புக்குக் கூட்டுப் பெயர்! இயக்கத்திலே வளர்ந்த நமக்கு இதன் அருமை தெரியும்.

அவர்கள் எழுப்பிய கேள்வி நேரானது: ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே கால அளவு. ஒருவன் சானடோரியத்திலே சாப்பிடுகிறான். இன்னொருவன் தன் குடிசையிலே சாப்பிடுகிறான். முடிவு வேறுபடுமா?

யூகம் செய்யவில்லை, தோழர்களே, எண்ணிப் பார்த்தார்கள். சளியிலே கிருமி இருப்பது உறுதி செய்யப்பட்ட, அதுவரை மருத்துவம் பெற்றிராத சென்னை ஏழைகள் ஏறத்தாழ 190 பேரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையிலே இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப்பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். மறு பாதிப்பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற அதே இரண்டு மருந்துகள். ஓராண்டுக் காலம்.

சானடோரியத்தில் இருந்தவனுக்கு நல்ல உணவு, காற்றோட்டம், ஓய்வு, எந்நேரமும் செவிலியர். வீட்டில் இருந்தவனுக்கு? அதே நெரிசல், அதே அரைவயிற்றுச் சாப்பாடு. உடம்பு கொஞ்சம் தேறியதும் அதே வேலை.

ஓராண்டு முடிந்தது. சளியைச் சோதித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டிலே 1959-ல் அந்தக் கணக்கு வெளியாயிற்று.

சானடோரியத்தில் நோய் அடங்கியவர் நூற்றுக்கு 92 பேர். குடிசையில் நோய் அடங்கியவர் நூற்றுக்கு 86 பேர்!

கவனியுங்கள்! மாளிகைக்கும் குடிசைக்கும் இடையே மலையளவு வேற்றுமை இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் முன்னே, நூற்றுக்கு ஆறு பேர் என்ற சிறு வேற்றுமைதான் வந்து நின்றது. ஐந்தாண்டுகள் விடாமல் அந்த நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, நோய் மீண்டும் தலைதூக்கியதிலே இரு சாராருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை என்று தெரிந்தது. கட்டில் கிடைக்காதவனும் பிழைப்பான்! மருந்து கிடைத்தால் பிழைப்பான்!

குழந்தைகளின் கதி என்ன?

உடனே அடுத்த கேள்வி வரும், வரத்தான் வேண்டும். அவன் பிழைத்தான், சரி. ஓராண்டு அவனோடு ஒரே அறையிலே மூச்சுவிட்ட மனைவி மக்கள்? தாய் தன் பிள்ளையை நினைத்து நடுங்கமாட்டாளா?

அந்த நடுக்கத்தையும் அவர்கள் மதித்தார்கள். குடும்பத்தார் ஒவ்வொருவரையும் சோதித்தார்கள். ஆண்ட்ரூஸ், தேவதத்தா, ஃபாக்ஸ், இராதாகிருஷ்ணா, இராமகிருஷ்ணன், வேலு ஆகியோர் 1960-ல் அந்த முடிவை வெளியிட்டார்கள். நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பத்தைவிட, நோயாளியை வீட்டிலே வைத்திருந்த குடும்பத்தில் அதிகம் பேருக்கு நோய் வந்துவிடவில்லை! அதன் பின்னும் அந்தக் குடும்பங்களை ஐந்தாண்டுக் காலம் கவனித்து, 1966-ல் மீண்டும் எழுதினார்கள். முடிவு மாறவில்லை.

எப்படி இது? காரணம் எளியது. நோய் கண்டுபிடிக்கப்படாமல் அவன் இருமிக்கொண்டிருந்தானே, அந்த மாதங்களில்தான் கிருமி பரவுகிறது. மருந்து உள்ளே போன பிறகு, பரப்பும் ஆற்றல் விரைவிலே ஒடுங்குகிறது. ஆகவே குடும்பத்துக்கு ஆபத்து, மருந்து சாப்பிட்டுக்கொண்டு திண்ணையிலே உட்கார்ந்திருக்கும் அப்பனால் அல்ல. இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரும் அப்பனால்தான்!

இதை ஊரெங்கும் சொல்லுங்கள். தட்டை ஒதுக்கி, தம்ளரை ஒதுக்கி, கடைசியிலே மனிதனையே ஒதுக்குகிற வழக்கம் நம் தெருக்களில் இன்னும் சாகவில்லை. பெண்ணுக்கு இந்த நோய் வந்தால் பிறந்த வீட்டுக்குத் துரத்துகிற கொடுமையும் சாகவில்லை. சாதியின் பெயரால் தீண்டாமையை எதிர்த்துக் கொடி பிடித்தவர்கள் நாம். நோயின் பெயரால் ஒரு தீண்டாமையை நம் வீட்டுக்குள்ளேயே அனுமதிக்கலாமா?

மாத்திரையை எண்ணிய மனிதர்

இவ்வளவும் கேட்டுவிட்டு, ஏழைக்கு மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்தால் போதும் என்று எண்ணி விடாதீர்கள். ஃபாக்ஸின் சிறப்பே இங்கேதான் இருக்கிறது. தனக்கு வெற்றி தந்த முறையிலேயே ஓட்டை எங்கே என்று தேடினார் அவர்!

காசநோய் மருந்திலே ஒரு வஞ்சகம் உண்டு. சில வாரங்கள் சாப்பிட்டதும் காய்ச்சல் போகிறது, பசி வருகிறது, சளி குறைகிறது, நோய் போய்விட்டது என்று மனம் சொல்கிறது. மருந்தோ குமட்டுகிறது. பி.ஏ.எஸ். மருந்து அளவிலும் பெரிது, வயிற்றையும் புரட்டும். நல்லாத்தானே இருக்கிறோம், எதற்கு இந்தத் தொல்லை என்று நிறுத்தி விடுகிறான். உள்ளே பதுங்கியிருக்கும் கிருமி அதற்காகவே காத்திருக்கிறது. மருந்தோடு பாதிவழி போராடிப் பழகிய கிருமி, அடுத்தமுறை அந்த மருந்துக்கு அஞ்சாத கிருமியாய் எழுகிறது.

ஆகவே சென்னை மையத்தினர் நோயாளியின் வாய்மொழியை மட்டும் நம்பவில்லை. முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மீதமுள்ள மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உடலுக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயாளி தானே மருந்து சாப்பிடுவதிலுள்ள சிக்கலைப் பற்றி 1958-லேயே ஃபாக்ஸ் தனிக் கட்டுரை எழுதினார். படித்தவனானாலும் படிக்காதவனானாலும் மனிதன் மருந்தை மறப்பான், சலிப்பான், நிறுத்துவான். அவனைத் திட்டிப் பயனில்லை. அவன் நிறுத்தாதபடி ஏற்பாட்டை அமைப்பதுதான் மருத்துவத்தின் வேலை என்ற தெளிவுக்கு அந்த ஆய்வுகள் வழி திறந்தன.

பின்னர் நடந்த ஓர் ஆய்விலே அதைச் செய்தும் காட்டினார்கள். தினம் தினம் வீட்டிலே மாத்திரை சாப்பிடுவதற்குப் பதிலாக, வாரத்துக்கு இரண்டே நாள், மையத்துக்கு வந்து ஊழியரின் கண் முன்னாலேயே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிட்டும் எடுத்துக்கொள்ளும் முறை. 1964-ல் வெளியான அந்த முடிவு, அந்த முறை தினசரி முறைக்குச் சற்றும் இளைத்ததல்ல என்று நிறுவியது. கண்காணிப்பிலே மருந்து என்று 1990-களில் உலக சுகாதார நிறுவனம் உலகெங்கும் பரப்பிய திட்டத்தின் வேர்களுள் ஒன்று, சேத்துப்பட்டின் மண்ணிலே ஊன்றியிருக்கிறது.

பிரிட்டன் திரும்பிய ஃபாக்ஸ் அங்கும் ஓயவில்லை. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று நீண்டு கிடந்த சிகிச்சையைச் சுருக்க முடியுமா என்று, டெனிஸ் மிட்சிசன் போன்ற அறிஞர்களோடு சேர்ந்து ஆய்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த அந்த ஆய்வுகளின் முதல் முடிவு 1972-ல் வெளியாயிற்று. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து என்று இன்று நம் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கிறார்களே, அந்த ஆறு மாதத்துக்குப் பின்னாலே இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

சோறு வேண்டாமா?

இப்போது எச்சரிக்கையாக ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சானடோரியத்தில் நல்ல உணவு உண்டவனும் குடிசையில் குறைந்த உணவு உண்டவனும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமானார்கள் என்று பார்த்தோம். உணவைப் பற்றியே தனியாக ஆராய்ந்து 1961-ல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார்கள். சானடோரியக்காரரின் எடை அதிகம் கூடியது. ஆனால் கிருமியை விரட்டியது மருந்துதான் என்று அது சொன்னது.

இதைத் தவறாகப் படிக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். ஆகா! ஏழைக்கு மாத்திரை போதும், சோறு வேண்டியதில்லை என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டதே என்று கணக்குப் போடுவார்கள். இல்லை! சோறில்லை என்ற காரணத்தைக் காட்டி ஒருவனுக்கு மருந்தை மறுக்காதே என்றுதான் அந்த ஆய்வு சொன்னது. சோற்றை மறுக்க அது யாருக்கும் உரிமைச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

அதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில், 2,800 நோயாளிகளின் வீடுகளில் வாழ்ந்த 10,345 குடும்பத்தாரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் முன்நின்ற அந்த ஆய்வின் முடிவு 2023-ல் லான்செட் ஏட்டிலே வந்தது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் நோயாளியோடு வாழ்பவர்களுக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியன கொடுத்தார்கள். அப்படிக் கொடுக்கப்பட்ட குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது! பரவக்கூடிய நுரையீரல் காசநோய் நூற்றுக்கு 48 பங்கு குறைந்தது! நோயாளிகளிடமும், முதல் இரண்டு மாதங்களில் எடை தேறியவர்களுக்குச் சாவின் அபாயம் வெகுவாகக் குறைந்திருந்தது.

சென்னை சொன்னது: மருந்து நோயாளியைக் குணமாக்கும். ஜார்க்கண்ட் சொன்னது: சோறு குடும்பத்தைக் காக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. பசி என்பது நோய்க்கு வாசல் திறந்து விடும் வாயிற்காவலன். நியாயவிலைக் கடையின் அரிசியும், பள்ளிக்கூடத்துச் சத்துணவும் இலவசம் என்று ஏளனம் பேசுகிறவர்கள் இந்த எண்களின் முன்னே வந்து நிற்கட்டும். அந்த அரிசி ஓட்டுக்குப் போடும் பிச்சை என்கிறார்களே, அது நுரையீரலுக்குப் போடும் வேலி!

முடியாத போர்

போர் முடிந்துவிட்டதா? இல்லை, தோழர்களே. 2023-ஆம் ஆண்டில் உலகிலே 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது; இறந்தவர் பன்னிரண்டரை லட்சம் பேர். நோயுற்றவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியாவிலே இருந்தார்கள். 2025-க்குள் நாட்டிலிருந்து காசநோயை ஒழிப்போம் என்று ஒன்றிய அரசு 2018-ல் முழங்கியது. முழக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் 2024 மார்ச்சில் அதே ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: மருந்து வருவது தாமதமாகலாம், மூன்று மாதத்துக்கு உங்கள் பகுதியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று!

நிறுத்தாமல் சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்கிறோம். நிறுத்தினால் கிருமி முரண்டு பிடிக்கும் என்று அச்சுறுத்துகிறோம். நோயாளி நிறுத்தவில்லை, மருந்து வருவது நின்றால்? 1956-ல் மாத்திரையை ஒவ்வொன்றாக எண்ணினார்களே அந்த ஊழியர்கள், அந்தக் கவனத்திலே பத்தில் ஒரு பங்காவது கிடங்கை எண்ணுகிறவர்களுக்கு இருக்க வேண்டாமா?

நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் உணவுக்கென்று 2018-ல் தொடங்கினார்கள்; 2024 நவம்பரில் 1,000 ரூபாய் ஆக்கினார்கள். வரவேற்கிறோம். ஆனால் ஜார்க்கண்ட் தந்த பாடம் நோயாளியோடு நிற்கவில்லையே. குடும்பத்துக்கும் தட்டு போடு என்றல்லவா சொல்கிறது!

தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நோய் கண்டறிந்த உடனேயே, உடல் எடை மிக மோசமாகக் குறைந்திருக்கிறதா, மூச்சு திணறுகிறதா, துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தான நிலையில் உள்ளவர்களை மருத்துவமனையிலே சேர்க்கிற திட்டம் அது. பெரும்பாலோர் வீட்டிலிருந்தே குணமாவார்கள் என்பது சென்னை ஆய்வு தந்த பாடம். அதனாலேயே, கட்டில் உண்மையிலே தேவைப்படுகிற சிலருக்குக் கட்டில் காலியாக இருக்கிறது. வசதி உள்ளவனுக்கு என்று இருந்த கட்டில், வதைபடுகிறவனுக்கு என்று மாறியிருக்கிறது.

கிளைக்கழகத் தோழருக்கு

கூட்டம் போடுகிறீர்கள், கொடி ஏற்றுகிறீர்கள், படிப்பகத்திலே பத்திரிகை படித்துக் காட்டுகிறீர்கள். அத்தோடு இதையும் செய்யுங்கள்.

உங்கள் தெருவிலே, உங்கள் ஆலையிலே, உங்கள் தொழிற்சங்கத்திலே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற தோழர் இருந்தால், "அண்ணே, சளியைச் சோதித்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையிலே அந்தச் சோதனைக்குக் கட்டணமில்லை, மருந்துக்கும் கட்டணமில்லை. வேலை போய்விடுமே என்று அவர் தயங்கினால், அரை நாள் கூடச் சென்று வாருங்கள். நோய் என்று தெரிந்தால், ஆறு மாதமும் அவர் மருந்தை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அவர் வீட்டுப் பிள்ளைகளையும் சோதனைக்கு அழைத்துப் போங்கள். அவர் கூலி இழக்கும் நாட்களில் அந்த வீட்டிலே அடுப்பெரிகிறதா என்று பாருங்கள். மருந்து இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அன்றைக்கே மனு எழுதுங்கள். மறுநாள் பதில் கேளுங்கள்.

சென்னையின் ஏழைகள், ஏறத்தாழ 190 பேர், தங்கள் நோயுற்ற நெஞ்சையே சாட்சியாக்கி உலகத்துக்கு ஓர் உண்மையைக் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் அச்சாகவில்லை. எந்தத் தெருவுக்கும் சூட்டப்படவில்லை. ஆனால் 1962-ல் இந்தியா வகுத்த தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டிலிருந்தபடி மருந்து என்ற முறையைக் கைக்கொண்டதே, உலகின் ஏழை நாடுகள் அந்த வழியிலே நடந்தனவே, அதற்கெல்லாம் வாசல் திறந்தவர்களுள் அவர்கள் முதல் வரிசையினர்.

ஏழையின் வீடு நோயின் கூடாரம் என்று சொன்னார்கள். அந்த வீட்டிலிருந்தே நோயை விரட்டலாம் என்று அவர்கள் காட்டிவிட்டுப் போனார்கள். மருந்து தடையின்றி அந்த வாசலுக்கு வர வேண்டும். சோறு குறைவின்றி அந்தத் தட்டிலே விழ வேண்டும். அயலார் முகம் திருப்பாமல் அந்தத் திண்ணையிலே உட்கார வேண்டும். முதல் இரண்டை அரசிடம் கேட்போம், உரக்கக் கேட்போம். மூன்றாவதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இன்று மாலையே நாம் போய் உட்காரலாம்!